பாவம் கேட்ட குளம்

பூமியைப் பேணிக் காப்போம் என்று பல்கலைக்கழகம் உறுதிமொழி எடுத்த மூன்றாம் நாள், வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு, வளாகத்துக் குளம் எழுந்து வந்து சிற்றாலயத்தில் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள், குருவானவர் உட்காரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. குளம் இரண்டு ஏக்கர், கூண்டு நாலடிக்கு மூன்றடி. எப்படி அடங்கியது என்று கணிதத்துறை ஆறு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டது. தரையில் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. கூடவே வந்த இரண்டு வாத்துகள் மட்டும் இடம் போதாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தன. அன்று பாவசங்கீர்த்தனம் கேட்க வேண்டிய வயதான ஃபாதர் கதவைத் திறந்து பார்த்து, "உள்ள ஆள் இருக்கு" என்று மூடிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். அவருக்கு முட்டிவலி.

முதலில் போய் மண்டியிட்டவர் பதிவாளர். வெளியே வந்தவர் நேராகத் தன் அறைக்குப் போய் ஏசியை அணைத்தார். பிறகு நூலகர் போனார், விடுதிக் காப்பாளர் போனார், மாணவர்கள் வரிசை வாசல் தாண்டியது. குளம் எதுவும் பேசாது, கேட்கும். சின்னப் பாவமானால் கூண்டின் நடுவிலுள்ள வலைத்தட்டி வழியாகக் குளிர்ந்த காற்று வரும். பெரிதானால் பாசி நாற்றம் வரும்.

அந்தப் பக்கமே தலைகாட்டாத ஒரே ஆள் பிளம்பர். இருபத்திரண்டு வருடமாக வளாகத்துக் குழாய்கள் அத்தனையும் அவருக்கு அத்துப்படி. ரசாயன ஆய்வகத்தின் கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டிக்குப் போவதாக வரைபடம் சொன்னது. உண்மையில் அது குளத்துக்குப் போனது. பதினோரு வருடத்துக்கு முன் தொட்டி பழுதானபோது, "இப்போதைக்கு இப்படி விடுப்பா" என்று கட்டடப் பொறுப்பிலிருந்த ஃபாதர் சொல்ல, நாலு அங்குலக் குழாயைப் புதைத்தவர் இவர்தான். அந்த ஃபாதர் இப்போது பல்கலைக்கழகத்தின் அதிபர். உறுதிமொழியில் கையெழுத்தும் அவருடையதுதான்.

விடுதிச் சலவையறையில் வேலை பார்க்கும் பிளம்பரின் மனைவி ஒருநாள் கேட்டேவிட்டாள். "என்னங்க, ஊரே போகுது. நீங்க ஏன் போகல?"

"நான் என்ன பாவம் பண்ணேன்?"

"அப்புறம் ஏன் பத்து நாளா குளிக்காம இருக்கீங்க? வாளித் தண்ணியப் பார்த்தாலே மூஞ்சியத் திருப்பிக்கிறீங்க."

மறுநாள் அவர் போனார். மண்டியிட்டு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். காற்றும் வரவில்லை, பாசி நாற்றமும் வரவில்லை. ஒரு கெண்டைமீன் தட்டிக்கு அருகே வந்து அவரைப் பார்த்தது. அதற்கு ஒரு கண்தான் இருந்தது. "மன்னிச்சிருங்க" என்று தண்ணீரிடம் சொல்லிவிட்டு எழுந்து போய்க் கடப்பாரையை எடுத்தார்.

பசுமை விருதுக்குப் பார்வையிடும் குழு அதற்கு மறுநாள் வருவதாக இருந்தது. ஆய்வகத்துக்குப் பின்னால் பட்டப்பகலில் பள்ளம் விழுவதைக் கண்டு அதிபர் ஓடிவந்தார்.

"என்னப்பா பண்றே? நாளைக்கு ஆளுங்க வர்றாங்க!"

"குழாயை எடுக்கறேன், ஃபாதர்."

"யாரு எடுக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல. போடத்தான் நீங்க சொன்னீங்க."

"வேலை போயிரும், தெரியுமில்ல?"

"தெரியும், ஃபாதர்." அவர் தோண்டுவதை நிறுத்தவில்லை.

அதிபர் குனிந்து, பள்ளத்தில் தெரிந்த குழாயைத் தொட்டு விரலை முகர்ந்து பார்த்தார். பிறகு சிற்றாலயத்தை நோக்கி நடந்தார். உள்ளே மூன்று மணிநேரம் இருந்தார். அதுவரை எவரையும் நனைக்காத குளம் அவரைத் தலைமுதல் கால்வரை நனைத்து அனுப்பியது. சொட்டச் சொட்ட வந்தவர் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "இன்னொரு மண்வெட்டி இருக்கா?" என்றார். குழு வந்தபோது இருவரும் இடுப்பளவுப் பள்ளத்தில் நின்றிருந்தார்கள். விருது வேறொரு பல்கலைக்கழகத்துக்குப் போயிற்று. தொட்டி சரியாகும்வரை ஆய்வகம் ஒரு வருடம் பூட்டிக் கிடந்தது. வேதியியல் பேராசிரியர்கள் கரும்பலகையிலேயே கொதிக்கவைத்துக் காட்டினார்கள்.

தொட்டி சரியான அன்று குளம் தன் இடத்துக்குத் திரும்பியது. ஆனால் வியாழக்கிழமை மாலைகளில் பாவம் கேட்பதை மட்டும் விடவில்லை. புதிதாய்ச் சேர்ந்த மாணவி ஒருத்தி ஒரு வியாழன் மாலை படித்துறையில் வந்து நின்று, வெறும் சேற்றைப் பார்த்துத் திகைத்து, கரையில் வால்வை முடுக்கிக்கொண்டிருந்த பிளம்பரிடம் கேட்டாள்.

"அண்ணா, இங்க குளம் இருந்துச்சே?"

"கோயிலுக்குப் போயிருக்கும்மா" என்றார் அவர், தலை நிமிராமல். "அஞ்சரைக்கு வந்துரும்."