சுற்றி வந்த தண்ணீர்

அலமாரிக் கதவு ஈரத்தில் ஊதி, சட்டத்தோடு இறுகிப் போனதில் அவனுக்கு உள்ளூர நிம்மதி. உள்ளே இருந்தவை மனைவியின் துணிகள். அவள் இறந்த பிறகு அவன் அதைத் திறக்கவில்லை. துணிகளை எடுத்துப்போய் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று மாமியார் வந்திருந்தார். கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். கைப்பிடி மட்டும் வந்தது.

"ஈரம், அத்தை. ஒண்ணும் பண்ண முடியாது," என்றான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

"ஏன் முடியாது? வீட்டைக் காய வைப்போம். கதவு தானாத் திறக்கும்," என்ற மாமியார், அங்கேயே தங்கிவிட்டார்.

காய வைக்க வேண்டிய வீடுதான். சுவர் மூலைகளில் பூஞ்சை படம் வரைந்திருந்தது. செருப்புக்கு மீசை முளைத்திருந்தது. படுக்கையறை மரத்தரை, மிதித்தால் அமுங்கியது.

மாமியார் அறைக்கு அறை கரித்துண்டுகள் வைத்தார். அவற்றை மிதித்து அவன் வீடெங்கும் தடம் பதித்தான். அடுத்து, ஈரம் உறிஞ்சும் மெஷின் வந்தது. அது ஓயாமல் உறுமி, வாளி வாளியாகத் தண்ணீர் கறந்தது. ஆனால் அதில் ஈரம் காட்டும் முள் எண்பது சதவீதத்தை விட்டு இறங்கவில்லை.

"எங்க வீட்டு மனுஷன் மாதிரியே இருக்கு. சத்தம் ஊரைக் கூட்டும், காரியம் நடக்காது. தரைக்கு அடியில போய்ப் பாருங்க, மாப்பிள்ளை. படிச்சவர்தானே?"

"நான் படிச்சது பொருளாதாரம், அத்தை."

"பரவாயில்ல. தவழத் தெரியுமில்ல?"

மரத்தரைக்கும் மண்ணுக்கும் நடுவே ஓர் ஆள் தவழ்ந்து போகும் அளவுக்கு இடைவெளி இருந்தது. வெளிச்சுவரின் சின்னக் கதவு வழியாக, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நுழைந்தான். பலகைகள் வியர்த்திருந்தன. மண் சேறாகக் கிடந்தது. படுக்கையறைக்கு நேர் கீழே போனபோது, சுவரின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்தது. முதலில் நூலாக வந்தது, பிறகு ஓடையாகி அவன் சட்டைக்குள் புகுந்தது.

டார்ச்சை எடுத்துவிட்டுக் கத்தினான். "அத்தை! இப்ப வெளிய என்ன பண்றீங்க?"

"ரோஜாவுக்குத் தண்ணி ஊத்தறேன். அவ வச்ச செடி, உங்களுக்குத்தான் அக்கறையே இல்ல."

ரோஜாச் செடிகளை அவள் படுக்கையறைச் சுவரை ஒட்டியே நட்டிருந்தாள்.

"எந்தத் தண்ணி, அத்தை?"

"மெஷின் தண்ணிதான். வீணாக் கொட்டவா சொல்றீங்க?"

அவன் நெற்றியைச் சேற்றில் வைத்தான். "தினம் காலையில நானும் ஊத்தறேன். முன்ன குழாய்த் தண்ணி, இப்ப இதே மெஷின் தண்ணி."

வெளியே மாமியார் வாளியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப, ஒரே தண்ணிதான் செக்கு மாடு மாதிரி சுத்திக்கிட்டிருக்கா?"

"ஆமா. நாமதான் கரண்ட் செலவு பண்ணிச் சுத்த விடறோம்."

மாமியார் சிரிப்பது சுவரைத் தாண்டிக் கேட்டது. சேற்றில் படுத்தபடி அவனும் சிரித்தான். பல மாதங்களாகப் பழக்கம் விட்டுப்போனதால் அது இருமல் மாதிரி வந்தது.

ரோஜாக்களை வேலியோரம் மாற்றினார்கள். சுவரோரம் மண்ணைக் கொட்டிச் சரிவாக்கினார்கள். தரைக்கு அடியில் சேற்றை வாரிவிட்டு, பிளாஸ்டிக் விரிப்பு போட்டான். முள் எழுபதுக்கு வந்தது, அறுபதுக்கு வந்தது. மாமியார் அதைப் பார்த்து மகிழ்ந்தார். அவன் அந்தப் பக்கமே போகவில்லை.

ஒரு மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது படுக்கையறையில் 'டக்' என்றது. இருவரும் கையை நிறுத்தினார்கள்.

"நீங்க போய்ப் பாருங்க," என்றார் மாமியார்.

அலமாரிக் கதவு ஒரு கை அகலம் திறந்திருந்தது. ஊதிய கதவு வெளி ஈரத்தை உள்ளே விடவில்லை போலும், ஒரு துணியிலும் பூஞ்சை இல்லை. மடிப்புக்கு மடிப்பு சின்ன வெள்ளைப் பாக்கெட்டுகள். ஈரம் உறிஞ்சுவதற்காகச் செருப்புப் பெட்டியிலும் கைப்பையிலும் போட்டு வரும், 'உண்ணக் கூடாது' என்று அச்சடித்த பாக்கெட்டுகள். அவள் ஒன்றைக்கூட எறிந்ததில்லை. "இதுக்குன்னு தனியா ஒரு அலமாரி வாங்கணும் போல," என்று அவன் கிண்டல் செய்வான்.

ஒரு கை அள்ளினான். மாமியார் வாசலில் வந்து நின்றார்.

"துணியை எடுத்துக்கங்க, அத்தை. பாக்கெட்டு இருக்கட்டும்."

மாமியார் மூக்கை உறிஞ்சினார். "திங்கக் கூடாதுன்னு போட்டிருக்கு, மாப்பிள்ளை."

"தெரியும், அத்தை. படிச்சவன்தானே."