ஏழாம் மேசை நாயின் பெயர்

கால்நடை மருத்துவக் கல்லூரியின் உடற்கூறு அறையில், ஏழாம் மேசைமேல் ஐந்து மாதம் கிடந்த நாய், தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு இறங்கி நடந்தது. குமாசி நகரத்தில் அன்று நல்ல வெயில். அறையில் முப்பத்திரண்டு பேர் இருந்தார்கள். நாயின் வலப்பக்கம் பழுப்பு ரோமத்தோடு முழுசாக இருந்தது. இடப்பக்கம் தோல் உரித்து, தசைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, தமனிகளில் சிவப்பு ரப்பர் பாலும் சிரைகளில் நீலமும் ஏற்றி, நரம்புகளுக்கு அடையாள நூல் கட்டி வைத்திருந்தது. இடப்பக்கத்தை அறுத்துப் படித்துவிட்டு வலப்பக்கத்தைத் தொடாமல் விடுவது அங்கே எல்லா மேசைக்கும் உள்ள முறை. நாய் ஒருமுறை உடம்பை உதறிக்கொண்டு, நேராக அட்வோவா கொனாடு என்ற மாணவியின் காலடியில் வந்து நின்றது. பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழாம் மேசைக்காரர்கள் மற்ற மேசைகளில் சேர்ந்துகொள்ளலாம் என்றார்.

அது ஏன் தன்னிடம் வந்தது என்று அட்வோவாவுக்குத் தெரியும். அந்த ஆண்டு நாய் பிடித்துத் தருகிறவன் வரவில்லை. மேசைக்கு ஒரு தெருநாயை மாணவர்களே ஏற்பாடு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். ஏழாம் மேசைக்கு அவள்தான் பொறுப்பு. கடைசி நாள் காலை, தைக்கக் கொடுத்திருந்த வெள்ளைக் கோட்டை வாங்க டுஃபியம்மாவின் கடைக்குப் போனாள். டுஃபியம்மா கோட்டை மடித்துக் கொடுத்து, உபரியாக ஒரு பொத்தானும் கோட்டுப் பையில் போட்டிருப்பதாகச் சொன்னாள். "நல்லாப் படி புள்ள. என் நாய்க்கு உடம்புக்கு வந்தா நீதான் ஓசியில பாக்கணும்" என்று சிரித்தாள். எந்தத் துணி தைத்தாலும் மிச்சத்தில் ஒரு பட்டை கிழித்து அந்த நாயின் கழுத்தில் கட்டுவது அவள் வழக்கம். அன்று கட்டியிருந்தது வெள்ளைத் துணி, அட்வோவாவின் கோட்டு மிச்சம். அந்த வாசனைக்கோ என்னவோ, நாய் அவளோடேயே தெருமுனைவரை நடந்து வந்தது. முனையில் அவள் குனிந்து பட்டையை அவிழ்த்து, பொத்தான் இருந்த பையிலேயே போட்டுக்கொண்டாள். கல்லூரியில் தெருநாய் என்று எழுதிக்கொடுத்தாள். ஊசி போடுகையில் தலையைப் பிடித்துக்கொண்டதும் அவள்தான். நாய் அவள் மணிக்கட்டை நக்கிக்கொண்டே கண்ணை மூடியது.

இறங்கி நடந்த நாளிலிருந்து அது அவளைவிட்டு அகலவில்லை. மினி பஸ்ஸில் ஏறினால் அதுவும் ஏறியது. "அக்கா, தொறந்த பக்கத்த சன்னலோரம் திருப்பி விடுங்க. சாப்பிட்டுட்டு வந்த சனம் ஏறுது" என்றான் கண்டக்டர். விடுதியில் பக்கத்துக் கட்டில் பொக்குவாவுக்கு மட்டும் சந்தோஷம். பல் துலக்கிக்கொண்டே தோள்பட்டைத் தசைகளை மனப்பாடம் செய்தாள். பூனைக்குக் காறையெலும்பு ஊசி மாதிரி இருக்கும், நாய்க்கு அதுவுமில்லை என்பதைப் புத்தகம் திறக்காமலே விரலால் தடவிக் கற்றுக்கொண்டாள். ஆனால் நாய் படுக்கவில்லை. உட்காரவுமில்லை. பதினெட்டு நாள் கட்டிலருகே நின்றது, முழங்கால் நடுங்க நின்றது. அந்த நடுக்கம் எந்தத் தசையிலிருந்து எந்தத் தசைக்குப் போகிறது என்று அட்வோவாவால் பார்க்க முடிந்தது. படு என்று ட்வி மொழியில் சொன்னாள், இங்கிலீஷில் சொன்னாள். கஞ்சி வைத்தாள். அழுதாள்.

"பேர் சொல்லிக் கூப்பிடேன்டி" என்றாள் பொக்குவா.

"பேர் தெரியாது."

"அதோட கொடல்ல எத்தனை மடிப்புன்னு தெரியுது, பேர் தெரியாதா?"

அந்த நாயில் அட்வோவாவுக்குப் பெயர் தெரியாத எலும்பு இல்லை, நரம்பு இல்லை. முந்நூற்றுச் சொச்சம் பெயர்களை அதன் உடம்பிலிருந்தே கற்றிருந்தாள். மறுநாள் சாயங்காலம் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, நாய் பின்னால் வர, தையற்கடைக்கு நடந்தாள்.

வாய்விட்டுச் சொல்ல முடியாததை நாய்க்குப் பெயராக வைத்துச் சத்தமாகக் கூப்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். டுஃபியம்மாவும், மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த தங்கை அஃப்ரியேயும், தாயின் சாவுத் துணியை யார் வெட்டுவது என்று ஏற்பட்ட சண்டையில் பதினோரு வருஷமாகப் பேசுவதில்லை. டுஃபியம்மா தன் நாய்க்கு 'நீயே முதல்ல பேசு' என்று பெயர் வைத்தாள். அஃப்ரியே ஒரு பூனை வாங்கி 'நான் எதுக்கு' என்று வைத்தாள். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மதிலின் இரு பக்கமும் கூப்பிடுவார்கள். அது ஒன்றுதான் அவர்களுக்குள் மிச்சமிருந்த பேச்சு. நாய் காணாமல்போன பிறகு இந்தப் பக்கம் சத்தமில்லை. நாய் செத்திருக்கும், அதோடு அக்கா பேச்சையும் அறுத்துவிட்டாள் என்று நினைத்து, நாலாம் நாளோடு அஃப்ரியேயும் பூனையைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். காலையில் மட்டுமே வந்துபோன அட்வோவாவுக்கு இது எதுவும் தெரியாது.

அவள் வெள்ளைப் பட்டையைத் தையல் மெஷின்மேல் வைத்தாள். "தெருநாய்னு எழுதிக் கொடுத்தேன்மா. தெரிஞ்சேதான் எழுதினேன்."

டுஃபியம்மா பட்டையைப் பார்த்தாள். நாயைச் சுற்றி வந்து, தையல் பிரிந்த துணியைப் பார்ப்பதுபோல அதன் இடப்பக்கத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"இந்த நரம்புக்கு நூல் கட்டினது யாரு?"

"நான்தான்."

"முடிச்சு சரியில்ல."

அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "தெனம் கூப்பிட்டவ நான். அஞ்சு மாசம் வாயத் தொறக்கல, புள்ள" என்றாள். தொண்டையைச் செருமினாள். மதிலைப் பார்த்து, ஊரே கேட்கிற மாதிரி, "நீயே முதல்ல பேசு" என்று கூப்பிட்டாள்.

நாய் மெஷினுக்கடியில் போய், திறந்த பக்கம் மேலே இருக்கும்படி படுத்துப் பெருமூச்சு விட்டது. நுரையீரல் உப்பி இறங்குவதை இருவரும் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. பூனையை இடுப்பில் வைத்துக்கொண்டு அஃப்ரியே நின்றாள்.

"ஒன் நாய் செத்துப்போச்சுன்னு நெனச்சேன்."

"செத்துத்தான் போச்சு."

"சரி" என்றாள் அஃப்ரியே, நாயைக் குனிந்து பார்த்துவிட்டு. "சாப்டியாக்கா?"

டுஃபியம்மா அட்வோவாவை மன்னிக்கவில்லை. மன்னிப்பேன் என்று சொல்லவுமில்லை. சனிக்கிழமைதோறும் வந்து நாயின் திறந்த பக்கத்தை உப்புத் தண்ணீரில் கழுவிவிட வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அட்வோவா தேர்வில் முதலிடம் வாங்கினாள். அந்தச் சான்றிதழைச் சட்டம் போடவில்லை. கல்யாணமானது, இரண்டு பெண்கள் பிறந்தார்கள், நகராட்சியில் மருத்துவர் வேலை கிடைத்தது. மூன்றாவதைச் சுமந்திருந்த மாதங்களில்கூடச் சனிக்கிழமை தவறவில்லை. அவள் பஞ்சால் துடைக்கையில் நாய் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளும். ஒருநாளும் அவளைப் பார்த்து வாலாட்டியதில்லை. கொசுக்காலத்துக்கென்று அக்காளும் தங்கையும் சேர்ந்து அதற்குப் பக்கவாட்டில் பொத்தான் வைத்த சட்டை ஒன்று தைத்தார்கள். ஒரு பொத்தான் குறைந்தபோது, அட்வோவா கோட்டுப் பையிலிருந்து உபரிப் பொத்தானை எடுத்துக் கொடுத்தாள். டுஃபியம்மா வாங்கி வைத்துத் தைத்தாள்.

வெறிநாய்த் தடுப்பூசிப் பதிவேட்டில் அந்தத் தெருவுக்கான பக்கத்தில், அட்வோவாவின் கையெழுத்தில் இன்றும் இருக்கிறது: பெயர், நீயே முதல்ல பேசு. ஆண். பழுப்பு. உரிமையாளர் உண்டு. இடப்பக்கம் திறந்திருப்பதால் ஊசி வலத்தோளில் போடப்பட்டது.