அறுபத்து நாலு கைகள்

"கையைத் திருப்பு, வெளிச்சத்துல பாக்கோணும்..."

"திருப்பினா மட்டும் மொளைச்சிருமாக்கும்? புள்ளை கையை முறிச்சுப் போடாதீங்க..."

"நீ பேசாத இரு. இன்னிக்கோட எட்டு நாளாச்சு. இந்த எடத்துல மொச்சைக்கொட்டையாட்டக் கொப்புளம் நிக்கோணும், சுத்தியும் செவந்து..."

"அதைத்தானுங்க நானும் சொல்றேன். அம்மா நல்லபடியா எறங்கிட்டா, ஒரு வடு கூட..."

"எறங்கினாளா? என்ன பண்ணித் தொலைச்சே? கையை நனைக்காதேன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுத்தானே போனேன்?"

"சொன்னீங்க. அதுக்கு முன்னால வேறொண்ணும் சொன்னீங்க."

செல்லமுத்து பிள்ளையின் கையை விட்டான். இரண்டு வயதுப் பெண் குழந்தை. கை விடுபட்டதும் அழுகையை நிறுத்திக்கொண்டு அம்மாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டது. தோளுக்குக் கீழே, போன வாரம் அவன் ஊசியை அழுத்தித் திருகிய இடத்தில், மஞ்சள் கறை மட்டும் இருந்தது.

"ஊருக்கு நடுவுல நின்னு என்னங்க சொன்னீங்க?" என்றாள் பெருமாயி. "அம்மாளே வர்றா, பயப்படாதீங்க, சின்னதா விருந்தாட வர்றா, வந்துட்டுப் போயிருவான்னு. சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன்."

"விருந்தாட வந்தவளைக் குளிர வெச்சு அனுப்பாம வேறென்ன பண்றது?"

வேறு எதையும் சொல்லி ஊரைக் கூட்டியிருக்க முடியாது என்பது அவனுக்குத் தெரியும். சர்க்கார் கொடுத்த குழாயில் இருப்பது கன்றுக்குட்டியின் வயிற்றைக் கீறி எடுத்த அம்மைப்பால் என்று சொல்லியிருந்தால், மலைமேல் ஆலத்தூர் நாட்டில் ஒருத்தர் கையை நீட்டியிருக்க மாட்டார்கள். அவனையும் ஊருக்குள் வைத்திருக்க மாட்டார்கள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவன் அம்மை குத்துகிறவரின் பெட்டியைச் சுமக்கிற கூலி. கீழ்நாட்டுக்காரர் அவர். மாசி மாசம் வருவார், இரண்டு ஊர் பார்ப்பார், ஆள் கிடைத்தால் குத்துவார், இல்லாவிட்டால் குத்தியதாக எழுதிக்கொண்டு இறங்குவார். மூன்றாவது தடவை மலைக்காய்ச்சல் கண்டு, செல்லமுத்துவின் முதுகில்தான் அடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்கு இறங்கினார். இறங்குகிற வழியில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "இந்த மலைக்கு மலைக்காரனையே போடணும்டா. நாங்க ஏறி வந்து சாகறதுக்குப் பதிலா."

காய்ச்சல்காரர் பிதற்றியதை அவன் பிடித்துக்கொண்டான்.

முள்ளுக்குறிச்சியில் மிளகு வாங்குகிற ஹபீப் ரஹ்மானுக்கும் அவன் வயதுதான். சந்தைக்குச் சுமை கொண்டுபோன அன்றைக்கே செல்லமுத்து அவனிடம் கேட்டான்.

"சர்க்கார் உத்தியோகம்னா எழுதப் படிக்கத் தெரியோணுமா, ஹபீபு?"

"தெரியாமலும் இருக்கானுங்க. ஆனா அவனுங்க அப்பன் மலையிலே பொறக்கலே."

"எழுத்துக் கத்துக்க எத்தனை நாளாகும்?"

"உன் மண்டைக்கா? இன்னைக்கு ஒரு மிளகுக்கொடி நட்டு வை. அது காய்க்கும்போது நீயும் கையெழுத்துப் போடுவே."

"அதுக்கு நாலு வருசம் ஆகுமே."

"கொடிக்கு நாலு. உனக்கு அஞ்சுன்னு வெச்சுக்க."

நாலே வருஷத்தில் கற்றுக்கொண்டான். சந்தை நாளுக்குச் சந்தை நாள், மிளகு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஹபீப் கிழித்துக் கொடுத்த பழைய காகிதத்தில். மற்ற நாட்களில் விடியும் முன் எழுந்து, மண்வெட்டியைத் தொடுவதற்கு முன்னால், வாசல் மண்ணில் விரலால் எழுதினான். வீட்டுச் சுவரில் கரியால் மூன்று வார்த்தை எழுதி வைத்தான்: எழுத்து, ஊசி, ஆர்டர். பெருமாயி சாணி மெழுகும்போது அந்த இடத்தைச் சுற்றி மெழுகுவாள். "என்னத்தைக் கிறுக்கி வெச்சிருக்கீங்களோ, பல்லிக்குத்தான் வெளிச்சம்" என்பாள். ஆனால் ஒருநாளும் அழித்ததில்லை. எழுத்து கற்று முடித்ததும் அந்த வார்த்தையைக் கோடு போட்டு அடித்தான். ராசிபுரத்தில் மூன்று மாசம் பழகி ஊசியையும் அடித்தான். மிச்சம் ஒன்று, வேலை ஆர்டர்.

அதற்குத்தான் இந்தச் சோதனை. சூப்பர்வைசர் அர்த்தனாரி சொல்லி அனுப்பியிருந்தார்: "உன் ஊரிலேயே குத்து. அறுபது கைக்குக் குறையக் கூடாது. எட்டாம் நாள் நானே ஏறி வந்து பார்ப்பேன். ஐம்பது கையாவது கொப்புளம் கண்டு பிடித்திருந்தால் ஆர்டர் போடச் சொல்கிறேன்." அறுபத்து நாலு கை குத்தினான். பெட்டியையும் காலிக் குழாய்களையும் ஒப்படைக்க அன்றைக்கே ராசிபுரத்துக்கு இறங்கிப் போனவன், கணக்கு எழுத அங்கேயே தங்க வேண்டியதாகி, எட்டாம் நாள் காலை சூப்பர்வைசருக்கு ஒரு நாழிகை முன்னால் ஓடி வந்து, முதல் வேலையாகத் தன் பிள்ளையின் கையைத் திருப்பிப் பார்த்தான்.

"நீ ஒருத்திதானே தண்ணி ஊத்தினே?" என்றான் இப்போது. குரல் இறங்கிவிட்டது. "வேற யாரும் ஊத்தலியே?"

பெருமாயி அவன் முகத்தைப் பார்த்தாள். கோபம் போய்விட்டது. "கருப்பண்ண மாமன்தானுங்க ஊரையே கூப்பிட்டாரு. நீங்க எறங்கின அன்னிக்குச் சாயங்காலமே. ஊத்துக்கிட்ட."

ஊர்க்கவுண்டர் கருப்பண்ணன் தன் வாசலில் சாமையைப் புடைக்கிற பெண்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். செல்லமுத்து வருவதைப் பார்த்ததும் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வா மாப்பிள்ளை. ஆபீசரு வந்துட்டாரா? எளனி இல்லை, மோரு இருக்குது. பாப்பாயி, அந்தச் சொம்பை விளக்கி வை."

"ஏனுங் மாமா, தண்ணி ஊத்தினீங்களாமே?"

"பின்னே? நீ பாட்டுக்கு அம்மாளை எறக்கி விட்டுட்டுக் கீழ போயிட்டே. நிக்க வெச்சிருந்தா அவ கோவிச்சுக்க மாட்டாளா?" அவர் சிரித்தார். "பெரிய அம்மை பாத்தா ஒருநாள் விட்டு ஒருநாள் மூணு தண்ணி. இவ பொட்டு அளவுதானே வந்தா? மூணையும் ஒரே சாயங்காலத்துல ஊத்தி முடிச்சுட்டேன். வேப்பிலையும் மஞ்சளும் நானே அரைச்சேன். பொம்பளைக அரைச்சா நறநறன்னு இருக்கும்னு."

"கையில தேய்ச்சீங்களா?"

"தேய்க்காமயா? ஒவ்வொரு கையும் நான் தேய்ச்சேன். அவ கால் வெச்ச எடமாச்சே."

"அத்தனை பேருக்குமா?"

"ஒருத்தர் பாக்கியில்லை. அந்தக் காளியண்ணன் ஊட்டுல மூணு பேரைத் தவிர. வரப்புத் தகராறுல எம் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு கதவைச் சாத்திக்கிட்டான். அவனை அம்மா பாத்துக்குவா." பிறகு குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்: "ஒவ்வொரு சொம்பு ஊத்தறப்பவும் உன் பேரைச் சொல்லித்தான் ஊத்தினேன் சாமி. இந்தப் பயலுக்கு அந்த வேலை ஆகோணும்னு."

செல்லமுத்து மோரை வாங்கிக் குடித்தான். என்ன செய்வது என்று தெரியாததால் குடித்தான்.

அர்த்தனாரி வந்து சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மலை ஏறிய கோபம் அவர் முகத்தில் இருந்தது. ஆனால் ஊரே குளித்து, சுத்தமாக, வரிசையில் நிற்பதைப் பார்த்ததும் கோபம் தணிந்தது. "பரவாயில்லையே செல்லமுத்து. நான் போற எடத்துல எல்லாம் காட்டுக்குள்ள ஓடுவாங்க" என்றார்.

முதல் கை. இரண்டாவது கை. பத்தாவது கைக்குப் பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பெண்கள் தோள் சேலையைத் தாங்களே விலக்கிக் காட்டினார்கள். "பாருங்க ஐயா, எத்தனை சுத்தமா இருக்குது" என்றாள் பாப்பாயி. "ஒரு பொட்டு இல்லீங்க."

வரிசையின் கடைசியில் காளியண்ணனும் அவன் பெண்டாட்டியும் மகனும் மற்றவர்களைப் பார்க்காமல் நின்றார்கள். மூன்று கையிலும் கொப்புளம் முத்துப் போல் நின்றது.

"மூணு" என்றார் அர்த்தனாரி.

பலா மரத்தடிக்கு அவனைத் தனியாகக் கூப்பிட்டுக்கொண்டு போனார்.

"பால் கெட்டிருந்தா இந்த மூணும் பிடிச்சிருக்காது. அப்போ உன் கை சரியில்லைன்னு அர்த்தம். இல்லைன்னா இவங்க கழுவியிருக்கணும். எது?"

செல்லமுத்துவின் கண் கருப்பண்ணன் பக்கம் போய்த் திரும்பியது.

"மஞ்சக் கறை எனக்குத் தெரியாதா? இருபது வருஷமா கையைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். யார் கழுவச் சொன்னது? அந்தத் துண்டு போட்ட பெரியவரா?"

"அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

"தெரியுதோ தெரியலையோ. ஊர்க்கவுண்டர் தடுத்தார்னு ஒரு வரி எழுதிக் குடு. அவர் பேர்ல கேஸ் ஆகும். ராசிபுரம் கச்சேரிக்கு நாலு நடை நடப்பார். உனக்கு ஒரு மாசத் தவணை வாங்கித் தர்றேன். வேற ஊர்ல குத்து." அவர் குரலில் கெடுதல் இல்லை. உண்மையாகவே அவனுக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தார். "இந்த வேலைக்கு எத்தனை நாளா அலையறே?"

"ஆறு வருசமுங்க."

"ஆறு வருஷத்துக்கு ஒரு வரி. எழுது."

காகிதத்தையும் பவுண்டன் பேனாவையும் அவரே கொடுத்தார். கருப்பண்ணன் தூரத்தில் நின்று, மோர்ச் சொம்பைக் காட்டி, இப்போது கொண்டு வரவா என்று கையால் கேட்டார். செல்லமுத்து வேண்டாம் என்று தலையசைத்தான்.

"அவங்க தடுக்கலீங்க ஐயா."

"அப்போ ஏன் கழுவினாங்க? நீ என்ன சொன்னே அவங்ககிட்ட?"

அதைச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தான். அம்மாள் பெயரைச் சொல்லி சர்க்கார் ஊசியைக் குத்தினான் என்று அதுவும் எழுதப்படும். ஊருக்கும் தெரிந்துவிடும், அது அம்மாள் இல்லை என்று. எந்தப் பக்கம் திரும்பினாலும் வழி அடைத்திருந்தது.

"நான் குத்தினது சரியில்லீங்க" என்றான்.

"யோசிச்சுச் சொல்லு."

"ஊசியைச் சரியா அழுத்தலீங்க. பழக்கம் பத்தலை."

அர்த்தனாரி அவன் கையிலிருந்த காகிதத்தைக் காட்டினார். பிறகு, "அதை எழுது" என்றார். அவன் எழுதினான். எழுத்து ஒன்றும் கோணவில்லை. கீழே பெயரைப் போட்டான். சர்க்கார் காகிதத்தில் அதுதான் அவனுடைய முதல் கையெழுத்து. வாங்கிப் படித்துவிட்டு அவர், "நல்ல எழுத்து" என்றார். சொன்ன பிறகு அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும், காகிதத்தை வேகமாக மடித்தார்.

"இன்னொரு தடவை மனுப் போடலாமுங்களா?"

"இதுக்கு மேல எப்படி? உன் கையாலேயே எழுதிக் குடுத்துட்டியே. ராசிபுரத்துக்காரன் ஒருத்தன் போட்டிருக்கான். அவனுக்குத்தான் போகும்."

"அவரு மலைக்கு வருவாருங்களா?"

"வரமாட்டான்" என்றார் அர்த்தனாரி. "வந்ததா எழுதுவான்."

அவர் இறங்கிப் போனபோது ஊர் எல்லை வரை கருப்பண்ணன் போய் வழியனுப்பினார். திரும்பி வந்து செல்லமுத்துவின் தோளில் தட்டினார்.

"ஆபீசரு முகமே மலர்ந்து போச்சு, பாத்தியா? அவரு பேசறதை நான் இங்கிருந்தே பாத்தேன். உங்கிட்டத்தான் காயிதம் எழுதி வாங்கினாரு. ஆர்டரு எப்ப வருதாம்?"

"வருமுங்க மாமா."

"வரட்டும், வரட்டும். காளியண்ணன் பயலுக்குப் பாரு, கை எப்படிப் புண்ணாகிக் கெடக்குதுன்னு. தண்ணி ஊத்திக்க வரலைன்னா அப்படித்தான். நான் மனசுல வெச்சுக்க மாட்டேன், நாளைக்கே அவனுக்கும் அரைச்சுக் கொண்டு போயித் தேய்ச்சு விடறேன்."

செல்லமுத்து நின்றான். "வேண்டாமுங்க மாமா. அவங்களை விட்ருங்க."

"என்னப்பா, அவன் கெட்டவனா இருந்தாலும்..."

"ஆபீசரு சொன்னாருங்க. அந்த மூணு பேரைத் தொடக் கூடாதாம்."

"ஆபீசரு சொன்னாரா? அப்பச் சரி." கருப்பண்ணன் உடனே ஒப்புக்கொண்டார். சர்க்கார் வார்த்தைக்கு அவரிடம் அத்தனை மரியாதை இருந்தது.

வீட்டுக்குள் பெருமாயி களி கிண்டிக்கொண்டிருந்தாள். அவள் பலா மரத்தைப் பார்த்தபடியேதான் இருந்திருக்கிறாள். காகிதத்தில் என்ன இருந்தது என்று தெரியாவிட்டாலும், அவன் பேனாவைத் திருப்பிக் கொடுத்த விதம் தெரிந்திருந்தது.

"மாமங்கிட்ட ஏனுங்க ஆர்டரு வரும்னு சொன்னீங்க?"

"வேறென்ன சொல்றது?"

"நாந்தான் தடுத்திருக்கோணும். நனைக்காதேன்னு நீங்க சொன்னது எங் காதுல இருந்துச்சு. ஊரே நின்னுச்சு, நான் மட்டும் எப்படி..."

"உம்மேல தப்பில்லை புள்ளை."

"யார் மேல?"

அவன் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். குழந்தை தானாகவே சட்டையை விலக்கித் தோளைக் காட்டியது. காலையிலிருந்து எல்லாரும் அதைத்தான் பார்த்தார்கள், அதற்கு அது விளையாட்டாகிவிட்டது. அவன் சட்டையை இழுத்து மூடினான். அது மறுபடியும் விலக்கியது.

பெருமாயி களியை உருட்டி அவன் முன்னால் வைத்தாள். அவன் தொடவில்லை.

"ஆறு வருசமா விடியறதுக்கு முன்னால எந்திரிச்சீங்க" என்றாள். "நாளைக்கு எந்திரிச்சு என்னங்க பண்ணுவீங்க?"