மருந்தில்லாத வெடி

நேசமலருக்குத் துப்பாக்கியில் பிடித்ததே, அதை நிரப்பும் நேரத்தில் ஒருவரும் அவளோடு கதைக்கக்கூடாது என்ற விதிதான்.

அந்த விதி அவளுடைய துப்பாக்கிக் கழகத்துச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்கியது. அங்கே சுடுவதெல்லாம் பழைய காலத்துத் துப்பாக்கிகள். குழலின் வாய்வழியே கரிமருந்தைக் கொட்டி, அதன்மேல் சமையலுக்கு எடுக்கும் ரவை கொஞ்சம் போட்டு, ஈயக் குண்டை வைத்துக் கோலால் இறுக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகுதான், தட்டினால் பொறி கக்கும் சின்னச் செப்புத் தொப்பியைப் பின்புறத்தில் மாட்டலாம். இடையில் யாராவது வந்து "நேற்று என்ன சமையல்" என்று கேட்டால் போதும், மருந்து போட்டோமா இல்லையா என்று மனம் தடுமாறிவிடும். இரண்டு தரம் போட்டால் ஆபத்து. போடாமல் விட்டால் அவமானம். ஆகையால் நிரப்புகிறவரை அவர் பாட்டில் விட்டுவிட வேண்டும்.

தன் பாட்டில் விடப்படுவதைவிட நேசமலர் உலகத்தில் வேறெதையும் பெரிதாகக் கேட்டதில்லை. பல் செய்யும் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை. நாள் முழுவதும் யாரோ ஒருவருடைய கடைவாய்ப் பல்லைக் குனிந்து செதுக்கிக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு வந்தால் புத்தகமும் ஜன்னலும். ஹம்பேர்க்குக்கு வெளியே, எல்பே ஆற்றின் அணைக்கட்டோரம் சைக்கிள் ஓடப்போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, கழகத்தின் வாசலில் வெண்புகை மிதந்து வருவதைக் கண்டு இறங்கினாள். பிறகு வகுப்பு, பரீட்சை, அன்ராக் என்கிற விண்ணப்பம், மருந்து வைத்திருக்க அனுமதி என்று எல்லாவற்றையும் ஒழுங்காக முடித்தாள்.

"வெடிச்சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த சனம் நாங்கள். இவள் காசு குடுத்துச் சுடுறாள்," என்று அவளுடைய அக்கா மக்டலீன் தலையில் கைவைத்தாள்.

"அங்கை ஆர் சுடப்போறாங்கள் எண்டு தெரியாது அக்கா. இஞ்சை நான்தான் சுடுறன். அதுவும் கடதாசிக்கு."

இப்படி அமைதியாக ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் அம்புறோஸ் வந்து ஏறினார். சரியாகச் சொன்னால் ஏறியது அவள். அவர் பஸ் ஓட்டுகிறவர். மன்னார்க்காரர், மனைவியை இழந்தவர், பிள்ளைகள் தங்கள் தங்கள் பாட்டில் போய்விட்டார்கள். ஓட்டுநரோடு கதைக்க வேண்டாம் என்று பஸ்ஸில் எழுதியிருந்தது. ஓட்டுநர் கதைக்கக்கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. காலையில் அவள் முன் இருக்கையில் இருந்தால், எஸ்-பான் ரயில் நிலையத்திலிருந்து ஆய்வுகூடம் வரைக்கும் அவருடைய கதை ஓடும்: சாலையில் குறுக்கே நடந்த வாத்து, மகன் வாங்கிய சாய்வுக் கதிரை, மன்னாரில் கழுதைகள் பள்ளிக்கூடத்துக்குள் வந்த நாள். அவள் பதில் சொல்வதில்லை. அவரும் எதிர்பார்ப்பதில்லை.

கடைசித் தரிப்பில் ஒருநாள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவர் திரும்பினார்.

"மலர், நாங்கள் கலியாணம் கட்டினால் என்ன? யோசிச்சுச் சொல்லுங்கோ. அடுத்த தரிப்புக்கிடையிலை எண்டில்லை."

அவள் யோசித்தாள். கோடை வந்தது, அப்போதும் யோசித்துக்கொண்டிருந்தாள். அவருடைய குணத்தில் அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை, வாயில்தான். காலையில் அந்தக் குரல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது மாலையிலும் வீட்டில் இருக்கும். புத்தகத்துக்கு மேலால், ஜன்னலுக்கு முன்னால், சோற்றுக்கு நடுவில் இருக்கும்.

"இந்த ஞாயிறு கழகத்திலை போட்டி," என்றாள் ஒருநாள். "வாங்கோ. நான் சுட்டு முடியுமட்டும் பின்னாலை வாங்கிலை இருங்கோ. வாய் திறக்கக்கூடாது. பின்னேரம் நான் முடிவு சொல்லுறன்."

"அவ்வளவுதானே? எனக்கென்ன கஷ்டம். சின்னனிலை நான் பெரிய வெள்ளிக்கு நாள் முழுக்க மௌனம் இருந்தனான். அது எப்பிடியெண்டால்..." என்று தொடங்கியவர், தான் மௌனமாக இருந்த கதையை அவள் இறங்கும்வரை சொன்னார்.

ஞாயிறு வந்தது. அம்புறோஸ் இஸ்திரி போட்ட சேர்ட்டும் இரவல் காதடைப்பானுமாக வாங்கில் அமர்ந்தார். சுடுமிடத்துக்குப் பொறுப்பான ஹைக்கே, பெரிய கைகளும் சின்னக் குரலும் கொண்ட பெண்மணி, அவருக்குச் சுவரிலிருந்த விதியைக் காட்டினாள். அவர் உதடுகளின் மேல் சிலுவை போட்டுக் காட்டினார்.

நேசமலர் தன் மரக்கட்டையை மேசையில் வைத்தாள். அதில் இரண்டு வரிசைத் துளைகள். முன்வரிசைக் குப்பிகளில் வீட்டில் தராசு வைத்து அளந்த கரிமருந்து. பின்வரிசைக் குப்பிகளில் ரவை. ஊற்றிய குப்பியை அதன் துளையில் தலைகீழாகக் குத்திவிடுவது அவள் வழக்கம். எது போட்டது, எது போடாதது என்று கட்டையே சொல்லும். குண்டு இறுக்கும் கோலில் ஒரு சிவப்புக்கோடு இருந்தது. எல்லாம் சரியாக உள்ளே போயிருந்தால், கோடு குழல் வாயோடு வந்து நிற்கும்.

மருந்து, ரவை, குண்டு, கோல், தொப்பி. வெடித்தது. வெண்புகை எழுந்து அழுகிய முட்டை மணத்தோடு கலைந்தது. குண்டு கறுப்பு வட்டத்துக்குள் விழுந்திருந்தது. மறுபடியும் அப்படியே.

அவளுடைய காதடைப்பான் புதுவகை. வெடியை அடைத்துவிட்டு மனிதக் குரலை மட்டும் உள்ளே விடும். பின்னாலிருந்து ஒரு குரலும் வரவில்லை. நல்லது என்று நினைத்தாள். அடுத்த குண்டும் நல்ல இடத்தில் விழுந்தது. இன்னும் ஒன்றும் வரவில்லை. ஒரு செருமல்கூட இல்லை.

என்ன, போய்விட்டாரோ.

திரும்பிப் பார்த்தாள். போகவில்லை. முழங்கால்மேல் இரண்டு கைகளும், கோயிலில் படமெடுக்க உட்கார்ந்தவர் போல. முகம் கொஞ்சம் சிவந்திருந்தது. அவள் மேசைப்பக்கம் திரும்பினாள். கோபமோ? சலித்துவிட்டதோ? மூன்று மாதம் காக்கவைத்தவள் இப்போது வாயையும் கட்டிவிட்டாளே என்று நினைக்கிறாரோ? அவரை இப்படி அவள் கண்டதே இல்லை. காலை நேரப் பஸ்ஸில் திடீரென்று இயந்திரம் நின்றுபோனால் எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பார்களே, அப்படி அவளுடைய மனம் நிமிர்ந்து நின்றது. கைகள் தங்கள் வேலையைத் தாங்களே செய்துகொண்டிருந்தன. கோலை இறக்கும்போது அவள் பார்வை கோட்டில் இல்லை; தோளுக்கு மேலால் வாங்கில் இருந்தது.

தொப்பியை மாட்டினாள். குறிவைத்தாள். விசையை இழுத்தாள்.

டிக்.

தொப்பி மட்டும் பொறிந்தது, அவ்வளவுதான். குழலைக் குறிப்பலகையின் பக்கமே வைத்துக்கொண்டு இடது கையை உயர்த்தினாள். சில வேளைகளில் மருந்து உறங்கிக் கிடந்து பிந்தி வெடிக்கும். அதனால் அசையாமல் காத்திருக்க வேண்டும். ஹைக்கே பக்கத்தில் வந்து நின்றாள். இருவரும் காத்திருந்தார்கள். புதுத் தொப்பி மாட்டி மறுபடியும் இழுத்தாள். மறுபடியும் டிக்.

அப்போதுதான் கட்டையைப் பார்த்தாள். பின்வரிசையில் ரவைக் குப்பி ஒழுங்காகத் தலைகீழாக நின்றது. அதற்கு நேர் முன்னால் மருந்துக் குப்பி, மூடியோடு, தலை நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது.

"நேசா," என்றாள் ஹைக்கே மெதுவாக, "நீயா?"

கழகத்தில் எல்லாருக்கும் ஒருமுறையாவது நடந்திருக்கிறது. நேசமலருக்கு மட்டும் நடந்ததில்லை.

சைக்கிள் ரியூப்புக்குக் காற்றடிக்கும் குப்பி போன்ற ஒரு கருவியை ஹைக்கே கொண்டுவந்தாள். தொப்பி மாட்டும் துளையில் அதைப் பொருத்தி, குழல் மணல்மேட்டைப் பார்த்திருக்க, அழுத்தினாள். 'புஸ்' என்று ஒரு சத்தம். ஈயக் குண்டு சோம்பலாக வெளியே விழுந்து உருண்டது. அதன் பின்னால் ஒரு பிடி ரவை எழுந்து, மா சலித்ததுபோல் மேசையெல்லாம் படிந்தது.

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். ஹைக்கே தன் பெரிய கைகளால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வெட்கத்தில் காது சுட்ட நேசமலருக்கும், புருவத்திலிருந்த ரவையைத் துடைக்கும்போது சிரிப்பு வந்துவிட்டது.

அம்புறோஸ் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். தோள்கள் குலுங்கின; கண்களில் நீர் வழிந்தது. ஆனால் சத்தம் வரவில்லை. சொன்ன சொல்லை அப்படிக் காத்துக்கொண்டிருந்தார் மனிதர்.

அவள் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு அவரிடம் போனாள்.

"கோவமோ?"

அவர் தலையை ஆட்டினார். இல்லை.

"சலிச்சுப் போச்சோ?"

அதற்கும் ஆட்டினார். கண்ணால் சுவரிலிருந்த விதியைக் காட்டினார்.

"நான் இப்ப நிரப்பேல்லை. கதையுங்கோ."

"மலர்," என்றார் அவர், மூச்சை இழுத்துக்கொண்டு, "அந்த ரவை வறுத்ததோ, வறுக்காததோ?"

அவளுக்கு மறுபடியும் சிரிப்பு வந்தது. நிற்க மாட்டேன் என்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஹைக்கேயிடம் ஜெர்மனில் கேட்டாள்: இவர் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், தேநீர் அறையில் இருந்து கதைக்கலாமா? என்னோடு இல்லை. அங்கே இருக்கிற யாரோடாவது.

"அது விதிக்குள் வராது," என்றாள் ஹைக்கே.

மிச்சக் குண்டுகளை அவள் அப்படித்தான் சுட்டாள். கண்ணாடிக்கு அப்பால், சாத்திய கதவுக்குப் பின்னால், அம்புறோஸ் தன் பஸ் ஓட்டுநர் ஜெர்மனில் நாலு கிழவர்களுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சொற்கள் வரவில்லை, முணுமுணுப்புதான் வந்தது, அணைக்கட்டுக்கு அந்தப் பக்கம் ஆறு ஓடுவதுபோல. இடையிடையே கிழவர்கள் சிரிப்பது கேட்டது. கழுதைக்கான ஜெர்மன் சொல் ஒருமுறை தெளிவாகக் கேட்டது. மருந்து, ரவை, குண்டு. சிவப்புக்கோடு குழல் வாயோடு வந்து நின்றது. அவள் பார்வையும் அதில்தான் இருந்தது. புகை எழுந்து கலைந்தபோது குண்டுத் துளைகள் கறுப்பு வட்டத்தின் நடுப்பகுதியில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தன.

பரிசு கிடைக்கவில்லை. தவறிய ஒன்று தவறியதுதான். கைகழுவிவிட்டுத் தேநீர் அறைக்குள் போனாள். அவளைக் கண்டதும் அம்புறோஸ் பாதிக் கதையில் நிறுத்தினார்.

"நான் தோத்துப்போனனோ?" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் கோப்பையைக் கையில் வைத்தபடி அவள் முகத்தையே பார்த்தார்.

"பிழை விட்டது நானெல்லோ."

"விட வைச்சது நான். வாய் திறக்காமலே விட வைச்சிட்டன். இனி என்ன செய்யிறது எண்டு எனக்கு விளங்கேல்லை மலர். கதைச்சாலும் பிழை, கதையாட்டிலும் பிழை."

"வீடு பாக்கேக்கை," என்றாள் நேசமலர், அவருடைய கோப்பையை வாங்கி மேசையில் வைத்தபடி, "ரெண்டு அறை இருக்கிற வீடாப் பாருங்கோ. நடுவிலை நல்ல கதவு ஒண்டு வேணும். சாத்தக்கூடிய கதவு."

அம்புறோஸ் முகமெல்லாம் மலர எழுந்து நின்றார். கதை கேட்டுக்கொண்டிருந்த கிழவர்கள், தமிழ் ஒரு சொல்லும் விளங்காமலே, அவருடைய முகத்தைப் பார்த்துக் கோப்பைகளை உயர்த்தினார்கள்.

"மொத்தமாச் சாத்தக்கூடாது," என்றாள் அவள். "சத்தம் கொஞ்சம் வரவேணும்."

மருந்து போட மறந்தவர் மூலையில் தொங்கும் கப்பல் மணியை அடித்து, அடுத்த கிழமை எல்லாருக்கும் கேக் கொண்டுவர வேண்டும் என்பது அந்தக் கழகத்தின் வழக்கம். ஹைக்கே மணியின் கயிற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். நேசமலர் கயிற்றைப் பிடித்தாள். அவளுடைய கைக்கு மேலே இன்னொரு கை வந்து பிடித்தது.

"கேக்கு ரவையிலை செய்வம்," என்றார் அம்புறோஸ். "மனுசி உயிரோடை இருக்கேக்கை ஒரு நத்தார் பெருநாளுக்கு நான்தான் கேக் அடிச்சனான், அது என்ன நடந்ததெண்டால்..."

"முதல்லை மணியை அடியுங்கோ," என்றாள் அவள். "பிறகு சொல்லுங்கோ. வழி முழுக்கக் கேக்கிறன்."