முள் ஏறினால் குறைக்க வேண்டும்

மாரிசெல்விக்குத் தெரிந்த உலகத்தில் மெஷின் மீட்டரின் முள் சிவப்புக்குப் போனால் குமிழைத் திருகிக் குறைக்க வேண்டும். ஒரகடத்தில் பிரேக் குழாய் செய்யும் கம்பெனியில் அவள் பார்க்கிற வேலையே அதுதான். தைராய்டுக்கு மாத்திரை தொடங்கி ஆறு வாரம் கழித்து எடுத்த ரிப்போர்ட் போனில் வந்தது. டி.எஸ்.எச். ஏழு, அளவுக்கு மேல் என்று தடித்த எழுத்தில் இருந்தது. டாக்டரைப் பார்க்க லீவு கிடைக்கவில்லை. முள் ஏறினால் குறைக்க வேண்டும் என்று, ஐம்பது மைக்ரோகிராம் மாத்திரையை பிளேடால் பாதியாக வெட்டி விழுங்கத் தொடங்கினாள்.

இரண்டு மாதத்தில் உடம்பு ஈரச் சாக்காகக் கனத்தது. நின்றபடியே கண் சொக்கியது. சூப்பர்வைசர் கோதண்டம் இரண்டு முறை பிடித்துவிட்டார்.

"இன்னாம்மா, நின்னுகினே தூங்குற? இன்னொரு தபா பாத்தேன், பேக்கிங்குக்கு அனுப்பிடுவேன்."

பேக்கிங்கில் யாரையும் நிரந்தரமாக்கியதில்லை. மாரிசெல்வியோ நிரந்தரமாவதற்காகத்தான் இரண்டு வருஷமாக ஊர்த் திருவிழாவுக்குக்கூடப் போகவில்லை.

அறைத்தோழி கனகலட்சுமி அவளை ஸ்ரீபெரும்புதூர் கிளினிக்குக்கு இழுத்துப் போனாள். புது ரிப்போர்ட்டில் பதினான்கு. கால் மாத்திரையாக வெட்டியிருக்க வேண்டுமோ என்று மாரிசெல்வி யோசித்தாள். டாக்டர் ஸ்ரீமதி அளவைக் கூட்டப் பேனாவை எடுத்தவர், எப்படிச் சாப்பிடுகிறாள் என்று விசாரித்தார். வெட்டிய கதையைக் கேட்டதும் பேனாவை வைத்துவிட்டார்.

"லைன்ல வேலை மந்தமானா உங்க சூப்பர்வைசர் என்ன பண்ணுவார்?"

"கத்துவாரு மேடம்."

"இந்த நம்பர் அந்தக் கத்தல்தான். தைராய்டு வேலை செய்யலைன்னு மூளை கத்துது. நீங்க என்னடான்னா உதவிக்கு வந்த ஆள்ல பாதிய வீட்டுக்கு அனுப்பிட்டீங்க."

கனகலட்சுமிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஏட்டி, அந்தக் கோதண்டம் ஒன் மண்டைக்குள்ளயுமா இருக்காரு?"

முழு மாத்திரை, எழுந்ததும் வெறும் வயிற்றில், டீ அப்புறம்தான் என்றார் டாக்டர். நைட் ஷிப்டு வாரத்தில் எது காலை என்று மாரிசெல்வி கேட்டாள். நீங்கள் தூங்கி எழுவதுதான் காலை என்றார்.

ஆறு வாரத்தில் நம்பர் பழையபடி ஏழுக்கு இறங்கியது. டாக்டர் ஐம்பதை எழுபத்தைந்தாக்கினார். நம்பர் இறங்கியும் மாத்திரை ஏறுகிறதே என்று கனகலட்சுமி முழித்தாள். மாரிசெல்வி முழிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கத்தல் பாக்கி இருக்கிறது, அவ்வளவுதான்.

அதற்கடுத்த மாதம் ஒரு மத்தியானம் கோதண்டம் அவள் பின்னால் வந்து நின்றார். அவள் கை குமிழில் இருந்தது, கண் முள்ளில். அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு அடுத்த மெஷினுக்குப் போய்க் கத்தத் தொடங்கினார்.