மாமா உட்கார்ந்தால் வரும் சத்தம்

வண்டியில் சத்தம் வருகிறது என்பதை ஒப்புக்கொள்ளவே தேன்காரருக்கு மனம் வரவில்லை. பைக் மாதிரி ஹேண்டில்பாரும், குட்டி டிராக்டர் மாதிரி நாலு கொழுத்த டயரும் கொண்ட ஏடிவி அது. மலைச்சரிவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வைத்திருந்த தேனீப் பெட்டிகளைப் போய்ப் பார்க்க அதை விட்டால் வேறு கதி கிடையாது. வண்டி படுத்தால் பிழைப்பும் கூடவே படுத்துவிடும். அதனால், மேடு ஏறும்போதெல்லாம் பின்னாலிருந்து வந்த 'டக் டக்'கை முதலில் கல் என்றார், பிறகு காற்று என்றார். ஒருநாள் மரங்கொத்தி என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்.

"எந்த மரங்கொத்திங்க நம்ம வாசல் வரைக்கும் கூடவே வரும்?" என்று கேட்டாள் மனைவி. "பேசாம அந்த அக்காகிட்ட கொண்டு போய்க் காட்டுங்க."

அந்த அக்கா என்பது ஊர் எல்லையில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக். ஐம்பதைத் தாண்டியவர். எதையும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செய்வார். தும்மல் வந்தால்கூடக் கையிலிருக்கும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுத்தான் தும்முவார்.

"என்ன மாதிரி சத்தம், சார்? டக் டக்னா ஜாயின்ட். கடகடன்னா பேரிங். நறநறன்னா கியர். கீச் கீச்னா பெல்ட். சும்மா ஏதோ சத்தம்னா அது உங்க மனசு."

"டக்... டக்," என்றார் தேன்காரர்.

"மேடு ஏறும்போது?"

"டக்டக்டக்டக்."

"திருப்பத்துல?"

தேன்காரர் கழுத்தை ஒரு பக்கம் வளைத்துக்கொண்டு, "ட்டக்... ட்டக்... ட்டக்," என்றார். டயருக்குக் காற்றடிக்க வந்த இரண்டு பேர் காற்றை மறந்து அவரையே பார்த்தார்கள்.

அக்கா வண்டியை ஸ்டாண்டில் தூக்கி, சக்கரங்களைக் கையால் சுற்றிப் பார்த்தார். சத்தமில்லை. மெக்கானிக்குகள் வைத்துக்கொள்ளும் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டி, நீளக் கம்பியை கியர் பெட்டி மேலும் அச்சு மேலும் வைத்துக் கேட்டார். ஒன்றும் தேறவில்லை. முன்சக்கரங்களுக்குப் போகும் இழுவையைத் துண்டித்துவிட்டு ஓட்டினார், சேர்த்து ஓட்டினார், பெல்ட்டை மாற்றி ஓட்டினார். பட்டறைக்குப் பின்னால் இருந்த மண்மேட்டில் வண்டி பூனை மாதிரி ஏறி இறங்கியது.

"சார், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சத்தம் எப்பல்லாம் வருது?"

தேன்காரர் யோசித்தார். குரலைத் தாழ்த்தி, யாரும் இல்லையே என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"எங்க மாமா பின்னாடி உக்காந்திருக்கும்போது."

மாமா என்றால் மாமனார். சும்மா மாமனார் இல்லை. ஓட்டுநர் உரிமம் கேட்டு வருகிறவர்களைச் சோதிக்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரே தடவையில் தேறியவர்கள் யார் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. மாப்பிள்ளையையே, பெண் கொடுப்பதற்கு முன்பு, பிரேக்கைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தார் என்று பெயிலாக்கியவர். ஓய்வுக்குப் பிறகு மகள் வீட்டோடு வந்து, தினமும் வண்டியின் பின் சீட்டில் ஏறி, "மாப்ளை, கல்லு... மாப்ளை, பள்ளம்... மாப்ளை, கியர்," என்று சொல்லிக்கொண்டே போவதைத் தன் கடமையாக வைத்திருந்தார்.

"எடைதான் காரணமா இருக்கும்," என்றார் அக்கா. "அவர் எடைக்கு எதையாவது ஏத்திப் பாருங்க."

தேனீக்களுக்குப் பாகு காய்ச்ச வைத்திருந்த சர்க்கரை மூட்டைகளை மாமாவின் கனத்துக்கு உத்தேசமாகப் பின் சீட்டில் வைத்துக் கட்டினார் தேன்காரர். அப்பா அளவுக்கு வரவில்லை என்று மனைவி மேலே ஒரு ஆட்டுக்கல்லையும் தூக்கி வைத்தாள். வண்டி முக்கியது, முனகியது, மேடு ஏறியது. டக் என்று ஒரு சத்தம்கூட வரவில்லை.

இதைக் கேட்டதும் அக்காவின் முகம் இறுகியது. "மூட்டை ஏறினா சத்தம் இல்ல. மனுஷன் ஏறினா சத்தம். அப்போ இது மூட்டுதான்."

"எந்த மூட்டு?"

"அதான் தெரியல. வண்டியோட மூட்டா, பெரியவரோட மூட்டா?"

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு பாகத்தைக் கழற்றினால் சத்தம் போகிறது, மாட்டினால் வருகிறது என்றால், பழுது அந்தப் பாகத்தில்தான். அவர் தொழில் கற்ற முறை அது. மாமாவைக் கழற்றினால் சத்தம் போகிறது.

தேன்காரர் பேயறைந்த மாதிரி வீடு திரும்பினார். மாமனாரிடம் போய், 'உங்கள் முழங்கால் டக் டக் என்கிறது' என்று எந்த மாப்பிள்ளை சொல்வது? மனைவியிடம் சொன்னார். அவள் அப்பாவிடம் ஒன்றும் சொல்லாமல், சூடு பண்ணிய எண்ணெயை எடுத்துக்கொண்டு போய் அவர் முழங்கால்களில் தேய்க்க ஆரம்பித்தாள். முதல் நாள் மாமாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. மறுநாள் லேசாகச் சந்தேகம் வந்தது. அதற்கடுத்த நாள், எண்ணெய் தேய்த்த கையோடு மகள் முழங்காலில் காதை வைத்துக் கேட்டபோது குட்டு உடைந்தது.

"யாரு சொன்னா? அந்த மெக்கானிக்கா?"

"அப்பா, தப்பா எடுத்துக்காதீங்க. சர்க்கரை மூட்டைக்கு வராத சத்தம் உங்களுக்கு வருதுப்பா."

மாமா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டால், "என்னைவிட மூட்டைதானே ஒசத்தி, அதுக்குப் போடு," என்றார். பிறகு ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் டாக்டரிடம் போய், இரண்டு முழங்காலையும் இடுப்பையும் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு, நேரே பட்டறையில் போய் நின்றார். செய்தி கேட்டு தேன்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு அடித்துப் பிடித்து ஓடினார். போகும்போது சத்தமே இல்லை. அது அவருக்கு இன்னும் கவலையாக இருந்தது.

பட்டறையில் அக்கா எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பக்கம் பேரிங் நல்லாத்தான் இருக்கு," என்றார். "இந்தப் பக்கமும் தேய்மானம் இல்ல. ஐயா, உங்க மேல பழுது சொன்னதுக்கு மன்னிச்சிருங்க."

"மன்னிப்பெல்லாம் வேண்டாம். வண்டியை எடும்மா, நான் பின்னாடி உக்கார்றேன். சத்தம் எங்கேருந்து வருதுன்னு நானே பார்க்கறேன்." பிறகு மாமா அக்காவை உற்றுப் பார்த்தார். "உன்னை நான் பெயிலாக்கியிருக்கேனா?"

"ரெண்டு தடவைங்க, ஐயா."

"எதுக்கு?"

"கண்ணாடி பார்க்கலைன்னு."

அக்கா ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைத் திருத்திக்கொண்டார். மாமா பின்னால் ஏறினார். அத்தனை வருடம் கழித்து அவர் பின்னால் இருக்கிறார் என்றதும் அக்கா கண்ணாடியை இன்னொரு தடவை திருத்திக்கொண்டார். மண்மேட்டில் வண்டி ஏறத் தொடங்கியதும், "கல்லு... பள்ளம்... மெதுவா," என்ற குரல் வந்தது. கூடவே டக் டக் டக். அக்கா கண்ணாடியைப் பார்த்தார். பார்க்காமல் இருக்க இந்தத் தடவை அவருக்குத் தைரியமில்லை. கண்ணாடி நிறைய மாமாவின் முகம் தெரிந்தது. ஓட்டுகிறவரின் முதுகு பாதையை மறைத்ததால், அவர் இடது பக்கமாக ஒடிந்து விழுகிற அளவுக்குச் சாய்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, நேரா உக்காருங்க."

நேராக உட்கார்ந்தார். சத்தம் நின்றது.

"சாயுங்க."

டக் டக் டக்.

"நேரா."

அமைதி.

காற்றடிக்க வந்தவர்கள், பக்கத்துத் தையல்கடைக்காரர், தேன்காரர் எல்லாரும் மேட்டடியில் நின்று பார்க்க, மாமா சாய்ந்தும் நிமிர்ந்தும், சாய்ந்தும் நிமிர்ந்தும் மேலே போய்க் கீழே வந்தார். கோபமாக ஏறியவர், இறங்கும்போது கச்சேரி முடித்த வித்வான் மாதிரி இருந்தார்.

பின்னால் இடது பக்க அச்சின் உள் ஜாயின்ட்டைக் கழற்றிப் பிளந்து பார்த்தபோது விஷயம் புரிந்தது. உள்ளே குண்டுகள் உருளும் தடத்தில் ஒரே ஒரு இடத்தில் பள்ளம். பல வருடமாக மாமா ஒரே பக்கம் சாய்ந்து சாய்ந்து, அந்தக் கோணத்தில் மட்டும் இரும்பு தேய்ந்திருந்தது. ஸ்டாண்டில் தூக்கினாலும், தனியாக ஓட்டினாலும், மூட்டையை நடுவில் வைத்துக் கட்டினாலும் குண்டுகள் அந்தப் பள்ளத்தின் பக்கம் போவதில்லை. மாமா சாய்ந்தால் மட்டும் நேரே போய் அதில் விழும்.

மாமா கிரீஸைத் துடைத்துவிட்டு அந்தப் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது நான் போட்டதா?"

"உங்களைத் தவிர வேற யாராலயும் போட முடியாதுங்க," என்றார் அக்கா, உண்மையான மரியாதையோடு.

புது ஜாயின்ட் மாட்டிய பிறகு சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது. மாமாவை நேராக உட்காரச் சொல்ல யாருக்கும் தைரியம் வராததால், தேன்காரர்தான் வலது பக்கம் சாய்ந்து ஓட்டப் பழகிக்கொண்டார்.

வாரம் ஒன்று போயிருக்கும். அக்காவிடமிருந்து போன் வந்தது. ஒரு ஏடிவி வந்திருக்கிறதாம், ஆள் உட்கார்ந்தால்தான் ஊளையிடுகிறதாம். "ஐயாவைக் கொஞ்சம் அனுப்பி வைக்க முடியுமா, சார்? மூட்டையெல்லாம் வெச்சுப் பார்த்துட்டேன், சரிப்படல."

மாமா இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். அன்று போனவர் மறுநாளும் போனார். பிறகு அது வழக்கமாகிவிட்டது. மாமாவின் சாயும் கலையின் பேர் ஊரெல்லாம் பரவி, பக்கத்து ஊர்களிலிருந்தும் வண்டிகள் வர ஆரம்பித்தன.

ஒரு மதியம் தேன்காரர் சாப்பாட்டுக் கேரியரோடு பட்டறைக்குப் போனார். மண்மேட்டுப் பாதி வழியில் யாருடைய வண்டியோ உறுமிக்கொண்டு நின்றது. அக்கா தரையில் மல்லாந்து படுத்து, ஸ்டெதஸ்கோப் கம்பியை அடியில் நீட்டிக்கொண்டிருந்தார். வண்டிக்காரர் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார். பின் சீட்டில் மாமா கண்ணை மூடிக்கொண்டு, இந்தத் தடவை வலது பக்கமாக, அங்குலம் அங்குலமாகச் சாய்ந்துகொண்டிருந்தார்.

"மாமா, சாப்பாடு..." என்று ஆரம்பித்தார் தேன்காரர்.

மாமா கண்ணைத் திறக்காமலே ஒரு விரலைத் தூக்கினார்.

"அங்க வெச்சுட்டுப் போங்க, மாப்ளை. இப்பதான் கியர் ஏதோ சொல்ல வருது."