புரொப்பல்லருக்கு ஆயுத பூஜை

கடலுக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. கல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றங்கரையில், பழைய கிடங்கொன்றின் இரண்டு அறைகள். பெயர் மட்டும் 'கடலோர விமான, யுத்த அருங்காட்சியகம்'. யாராவது வாய் திறந்தால், "ஆத்துல கப்பல் வரதோல்லியோ? அப்போ கடல்தான்" என்பார் கௌரவச் செயலாளர் வைத்தீஸ்வரன். பாங்க் ஆபீசராக இருந்து ரிட்டையரானவர். ஜன்னல் சீட் கிடைத்ததே அவருடைய விமான அனுபவம்.

இருந்த ஒரே பெருமை ஒரு புரொப்பல்லர். 1942-இல் கல்கத்தாமேல் குண்டு போட வந்த ஜப்பான் விமானத்தினுடையதாம். அதன் இறக்கைகள் சேரும் நடுப் பித்தளைக் குமிழில் அப்பியிருந்த கரி, யுத்தத் தீயின் சாட்சியாம். அன்பளிப்பு: தலைவர் லாஹிரி, முன்னாள் விமானப்படை அதிகாரி.

அந்த லாஹிரி பதவி விலகுகிறார். நவமியன்று வந்து, ஒரு சுற்றுப் பார்த்து, அடுத்த தலைவரை அறிவிப்பார். வைத்தீஸ்வரன் மனசுக்குள் லெட்டர்ஹெட் அச்சடித்தாகிவிட்டது.

நவமி என்றால் ஆயுத பூஜை. "அவனவன் அரிவாமணைக்குப் பொட்டு வைக்கறான். நம்மகிட்ட நிஜ ஆயுதமே இருக்கே!" என்று மனைவி காமுவைப் புளியும் கையுமாக அழைத்து வந்தார். காமு எதையும் அரைகுறையாகத் தேய்த்தவள் அல்ல. யுத்தத் தீயின் சாட்சி ஓர் உருண்டைப் புளியில் கரைந்து ஓடியது.

"ஏன்னா, இங்க என்னமோ எழுதியிருக்கே!"

ஹவுரா. சணல் ஆலைக் காற்றாடி. 1958.

"பளபளன்னு ஆயிடுத்து பாருங்கோ!"

"ஆயிடுத்துடி. என் தலைவர் பதவியையும் சேர்த்துத் தேய்ச்சுட்டே."

வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம். வைத்தீஸ்வரன் சந்தனக் கிண்ணத்தை எழுத்தின்மேல் அப்படியே கவிழ்த்து, குங்குமத்தை அப்பினார்.

லாஹிரி கைகூப்பினார். குனிந்தார். சந்தனத்தின் ஓரத்தில் '58' எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

லாஹிரி மோதிர விரலால் கொஞ்சம் சந்தனம் வழித்து, '58'-ன்மேல் பூசினார். பிறகு தாழ்ந்த குரலில், ஆங்கிலத்தில் சொன்னார்:

"நான் பூசின கரி இத்தனை வருஷம் தாங்கிச்சு, மிஸ்டர் வைத்தீஸ்வரன். உங்க சந்தனம் காஞ்சா உதிரும். தினம் பூசணும்."

"தினமுமா, சார்?"

"தலைவர் பதவின்னா சும்மாவா?"

இப்போது தலைவர் வைத்தீஸ்வரன் தினமும் காலையில் சந்தனக் கிண்ணத்தோடுதான் வருகிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறார்கள். புரொப்பல்லரின் விவரப் பலகையிலும் ஒரு வரி கூடியிருக்கிறது: 'பூஜையில் இருக்கிறது. தொடக்கூடாது.'